லா ஸ்கூல் போக நினைக்கும் பிள்ளைக்கு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் படித்துக்கொண்டே சட்டப் படிப்பைப் பற்றி யோசிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

மகள் கல்லூரியில் முதலாண்டு. வக்கீலாக வேண்டும் என்கிறாள். 'ப்ரீ-லா' என்று ஒரு மேஜரே (முதன்மைப் பாடம்) அங்கே இல்லையாம். பொலிட்டிகல் சயின்ஸ் எடுக்கச் சொல்லலாமா? ப்ரீ-லா அட்வைசரை மூன்றாம் ஆண்டில் பார்த்தால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். சரிதானா?
– ஒரு தாய், எடிசன், நியூஜெர்சி

சரியில்லை. சட்டப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்குக் கல்லூரியில் வழிகாட்டுபவர்தான் ப்ரீ-லா அட்வைசர். முதலாண்டின் இரண்டாவது செமஸ்டருக்குள் ஒருமுறையாவது அவருடைய அலுவலகத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பதற்கான காரணம் கீழே ஆஸ்டின் மாணவருக்குத் தந்த பதிலில் இருக்கிறது.

மேஜர் விஷயத்தில் கவலை வேண்டாம். லா ஸ்கூல்களுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்கன் பார் அசோசியேஷன் எந்த மேஜரையும் பரிந்துரைப்பதில்லை. கணிதம், இசை, நர்சிங், தத்துவம் என எதைப் படித்தவர்களும் ஜே.டி. என்ற சட்டப் பட்ட வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொலிட்டிகல் சயின்ஸில் அவளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் எடுக்கட்டும். வக்கீல் ஆவதற்கு அதுதான் வழி என்று நினைத்து எடுக்க வேண்டாம். பிடிக்காத பாடத்தில் வாங்கும் 3.3 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), பிடித்த பாடத்தில் வாங்கும் 3.8-க்கு ஈடாகாது. ஆனால் எந்த மேஜராக இருந்தாலும், இருபது பக்கக் கட்டுரை எழுத வைத்து வரிக்கு வரி திருத்தித் தரும் பேராசிரியரிடம் இரண்டு வகுப்பாவது படித்திருக்க வேண்டும். எழுத்துப் பயிற்சி அங்கேதான் கிடைக்கும். பின்னால் சிபாரிசுக் கடிதமும் அங்கிருந்துதான் வரும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: இதுவரையிலான ட்ரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), ஒரு பக்க ரெஸ்யூமே, எழுதி வைத்த மூன்று கேள்விகள். "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால் அட்வைசரிடமிருந்து பொதுவான பதில்தான் வரும். "அடுத்த செமஸ்டரில் இந்த இரண்டு வகுப்புகளில் எதில் எழுத்து வேலை அதிகம்?" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். வெளியே வரும் முன் ப்ரீ-லா மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடட்டும். பயிலரங்கு, முன்னாள் மாணவர் கூட்டம், லா ஸ்கூல்கள் வந்து மேஜை போடும் லா ஃபேர் எல்லாவற்றின் அறிவிப்பும் அதில்தான் வரும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் சேதி தெரியவரும்.

நாங்களே அட்வைசரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாமா?
– ஒரு தந்தை, சார்லட்

பொதுவான தகவல் கேட்கலாம். மகனின் மதிப்பெண்ணைப் பற்றியோ அவன் என்ன பேசினான் என்றோ கேட்டால் சொல்ல மாட்டார். கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் ஃபெர்ப்பா என்ற கூட்டாட்சிச் சட்டப்படி மாணவருக்கே உரியவை. வயது பதினெட்டு ஆகாவிட்டாலும் அப்படித்தான். அவன் எழுத்தில் சம்மதம் தந்தால் பேசலாம். ஆனாலும் சந்திப்புக்கு அவன் தனியாகப் போவதே நல்லது. அட்வைசரிடம் பிள்ளைகள் மனம்விட்டுச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் பெற்றோர் பக்கத்தில் இருந்தால் வெளியே வராது.

முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியில் எஃப். மறுபடி எடுத்து ஏ வாங்கினேன். கல்லூரி பழைய மதிப்பை நீக்கிவிட்டது. இப்போது என் ஜிபிஏ 3.71. ஆனால் அட்வைசர், "லா ஸ்கூல் பார்க்கப்போவது வேறு எண்" என்கிறார். எப்படி?
– ஒரு மாணவர், ஆஸ்டின்

அவர் சொல்வது சரி. இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டியது இதைத்தான்.

நீங்கள் ட்ரான்ஸ்கிரிப்டை லா ஸ்கூலுக்கு நேராக அனுப்புவதில்லை. லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட்டை நடத்தும் எல்சாக் அமைப்பின் சிஏஎஸ் சேவைக்கு அனுப்புகிறீர்கள்; விண்ணப்ப ஆவணங்களைத் தொகுத்து அனுப்பும் சேவை அது. அவர்கள் எல்லா மதிப்பெண்களையும் தங்கள் அளவுகோலில் திரும்பக் கணக்கிட்டு, அந்த எண்ணைத்தான் லா ஸ்கூல்களுக்குத் தருகிறார்கள். திரும்ப எடுத்த பாடமானாலும், பழைய எஃப்-ம் அதன் கிரெடிட்டும் ட்ரான்ஸ்கிரிப்டில் தெரிந்தால் இரண்டும் கணக்கில் சேரும். கல்லூரி அதன்மேல் கோடு போட்டிருந்தாலும் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெமிஸ்ட்ரி 4 கிரெடிட். மற்ற 116 கிரெடிட்டில் சராசரி 3.70 என்றால் புள்ளிகள் 429.2. அதோடு ஏ-க்கு 16 (4 கிரெடிட் × 4 புள்ளி) சேர்த்தால் 445.2. கல்லூரி அதை 120-ஆல் வகுக்கிறது: 3.71. எல்சாக் எஃப்-இன் 4 கிரெடிட்டையும் சேர்த்து 124-ஆல் வகுக்கும்: 3.59. போதாததற்கு, ஹைஸ்கூலில் படிக்கும்போது கம்யூனிட்டி காலேஜில் டூயல் கிரெடிட்டாக 9 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் சி வாங்கியிருந்தால் அதுவும் உள்ளே வரும். சி-க்கான 18 புள்ளியும் சேர்ந்த 463.2 புள்ளிகளை 133-ஆல் வகுத்தால் 3.48. பதினாறு வயதில் "சும்மா ஒரு வகுப்பு" என்று எடுத்தது இருபத்திரண்டு வயதில் வந்து நிற்கிறது. முதலாண்டிலேயே அட்வைசரைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சாதகமான விதிகளும் உண்டு. உங்கள் கல்லூரி ஏ பிளஸ் தந்தால் எல்சாக் அதற்கு 4.33 தருகிறது. வகுப்பிலிருந்து விலகியதற்குப் போடும் டபிள்யூ, தண்டனையாகத் தராத சாதாரண டபிள்யூ என்றால், கணக்கில் வராது. ஆகவே ஒரு வகுப்பு கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், விலகும் கடைசித் தேதிக்கு முன் அட்வைசரிடம் பேசுங்கள். செமஸ்டருக்கு ஒரு டபிள்யூ என்று சேர்ந்தால் அதுவும் கண்ணில் படும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் பட்டம் வாங்கிய பிறகு எடுக்கும் வகுப்புகள் இந்த ஜிபிஏ-வை உயர்த்தாது. மதிப்பெண்ணைச் சரிசெய்ய இருக்கும் காலம் பட்டம் வாங்கும் வரைதான்.

உங்கள் நிலைமைக்கு அடெண்டம் என்று ஒரு சிறு இணைப்புக் கடிதம் எழுதலாம். ஐந்தாறு வரி போதும்: என்ன நடந்தது, எப்போது சரியானது, அதன் பிறகு மதிப்பெண் எப்படி இருக்கிறது. பேராசிரியர் மீது பழி போடும் வரி ஒன்றுகூட வேண்டாம். இன்னொன்று: படித்த ஒவ்வொரு கல்லூரியின் ட்ரான்ஸ்கிரிப்டும் வந்து சேரும்வரை எல்சாக் உங்கள் அறிக்கையை எங்கும் அனுப்பாது. மறந்துபோன கம்யூனிட்டி காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்டால் நவம்பரில் போக வேண்டிய விண்ணப்பம் ஜனவரிவரை கிடப்பில் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

அக்டோபரில் கேம்பஸில் லா ஃபேர். நிறைய லா ஸ்கூல்கள் வருகின்றன. போய் என்ன செய்வது? பேனாவும் பையும் வாங்கிக்கொண்டு வருவதைத் தவிர?
– ஒரு மாணவி, ஆன் ஆர்பர், மிச்சிகன்

மேஜைக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் அட்மிஷன்ஸ் அலுவலகத்தைச் சேர்ந்தவர். பிப்ரவரியில் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்து படிப்பவராகவே அவர் இருக்கலாம். அவருக்கும் உங்களுக்கும் கிடைப்பது மூன்று, நான்கு நிமிடம்.

முந்தின வாரமே வேலையைத் தொடங்குங்கள். வரும் பள்ளிகளின் பட்டியலைப் பார்த்து எட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த எட்டின் '509 அறிக்கை'யையும் படியுங்கள். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய அறிக்கை அது. சேர்ந்தவர்களின் எல்சாட், ஜிபிஏ நடுமதிப்பு, கட்டணம், உதவித்தொகை, பாதியில் விலகியவர்கள் எல்லாம் அதில் இருக்கும். அதில் இருப்பதையே மேஜையில் போய்க் கேட்டால் மூன்று நிமிடமும் வீண்.

அறிக்கையில் இல்லாததைக் கேளுங்கள். "குடியேற்றச் சட்ட கிளினிக்கில் (மாணவர்கள் நிஜ வழக்குகளில் பயிற்சி பெறும் பிரிவு) இரண்டாம் ஆண்டிலேயே இடம் கிடைக்குமா? விண்ணப்பிப்பவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?" "முதல் கோடைக்கால வேலைக்குச் சம்பளம் இல்லையென்றால் பள்ளி பணம் தருமா? கேட்கும் எல்லோருக்குமா, போட்டி வைத்தா?" கடைசியாக, "விண்ணப்பக் கட்டண விலக்கு தருகிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஃபேரில் பெயர் பதிந்தவர்களுக்குப் பல பள்ளிகள் அதைத் தருகின்றன.

மேஜையை விட்டு நகர்ந்ததும், அடுத்ததற்குப் போகும் முன், வாங்கிய கார்டின் பின்னால் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: யார், என்ன சொன்னார். எட்டு மேஜை முடிந்தபின் எதுவும் நினைவில் நிற்காது. "உங்கள் பள்ளியில் நான் ஏன் சேர விரும்புகிறேன்" என்ற கட்டுரை எழுதும்போது அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும். உடை விஷயத்தில் கோட்டு சூட்டெல்லாம் வேண்டியதில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல செருப்பும் போதும். கேம்பஸ் ஃபேரைத் தவறவிட்டால், எல்சாக் நடத்தும் ஃபோரம்கள் பெரிய நகரங்களிலும் இணையவழியிலும் உண்டு, அனுமதி இலவசம்.

உங்கள் கல்லூரியின் ப்ரீ-லா அலுவலகம் நடத்தும் மாதிரி லா ஸ்கூல் வகுப்புக்கும் போய்வாருங்கள். முன்கூட்டியே ஒரு வழக்குத் தீர்ப்பை அனுப்புவார்கள். பலர் கதை படிப்பதுபோல் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து, பேராசிரியர் பெயர் சொல்லிக் கேட்டதும் விழிக்கிறார்கள். ஒரு தாளை நான்காகப் பிரித்து, நடந்தது என்ன, நீதிமன்றம் முன் இருந்த கேள்வி என்ன, தீர்ப்பு என்ன, காரணம் என்ன என்று எழுதிக்கொண்டு போங்கள். நான்காவது கட்டத்தை நிரப்பும்போது அலுப்புத் தட்டுகிறதா, ஆர்வம் கூடுகிறதா என்று கவனியுங்கள். மூன்று வருடமும் செய்யப்போகும் வேலை அதுதான். அலுப்புத் தட்டினால் அதை அட்வைசரிடம் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் தெரிந்துகொண்டால் ஒரு டாலரும் நஷ்டமில்லை.

எல்சாட்டுக்கு அண்ணன் படித்த பழைய புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. அவையே போதுமா? எப்போது எழுதலாம்?
– ஒரு மாணவர், சிகாகோ

2024 ஆகஸ்டிலிருந்து 'லாஜிக் கேம்ஸ்' பகுதி தேர்வில் இல்லை. அதற்கு முந்தைய புத்தகமானால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுங்கள். லாஜிகல் ரீசனிங், ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் பாகங்கள் இன்றும் உதவும். இப்போது நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 35 நிமிடம். இரண்டு லாஜிகல் ரீசனிங்குக்கும் ஒரு ரீடிங்குக்கும் மதிப்பெண் உண்டு. நான்காவது பகுதி பரிசோதனைக்கானது. அது எது என்று எழுதுபவருக்குத் தெரியாது. மதிப்பெண் 120 முதல் 180 வரை. தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பதால் ஒன்றையும் விடாமல் நிரப்ப வேண்டும்.

எல்சாக்கின் லாஹப் தளத்தில் உண்மையான பழைய தேர்வுகள் சில இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் நேரம் வைத்து ஒன்றை எழுதிப் பார்த்துவிட்டு, எத்தனை மாதம் தேவை என்று முடிவு செய்யுங்கள். மதிப்பெண் ஏறாமல் நிற்பவர்களில் பலர் தேர்வுக்குமேல் தேர்வாக எழுதித் தள்ளுகிறார்கள். தப்பான விடைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நோட்டு வையுங்கள். உதாரணமாக: 'சைக்கிள் பாதை போட்ட ஆண்டில் விபத்து குறைந்தது, ஆகவே பாதைதான் காரணம்' என்று ஒரு வாதம். இதைப் பலவீனப்படுத்தும் விடை, 'அதே ஆண்டில் வேக வரம்பும் குறைக்கப்பட்டது' என்பது. நீங்கள் 'பாதை போட நிறையச் செலவானது' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால், "முடிவோடு தொடர்பில்லாததை எடுத்தேன்" என்று நோட்டில் எழுதுங்கள். ஐம்பது தவறு சேர்ந்தால் உங்களுடைய வழக்கமான சறுக்கல் மூன்றோ நான்கோதான் என்று தெரியும்.

கல்லூரி முடித்த கையோடு சேர்வதானால், மூன்றாம் ஆண்டு முடியும் ஜூனில் முதல்முறை எழுதுவது வசதி. வேண்டுமானால் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ மறுபடி எழுத இடமிருக்கும். விண்ணப்பங்கள் செப்டம்பர்வாக்கில் திறக்கும். கடைசித் தேதி பிப்ரவரி, மார்ச் என்று போட்டிருந்தாலும், பெரும்பாலான பள்ளிகள் வர வரப் படித்து இடம் தருகின்றன. நவம்பருக்குள் அனுப்புவது புத்திசாலித்தனம். ஐந்து ஆண்டுக் காலத்தில் ஐந்து முறை, மொத்தத்தில் ஏழு முறை என்பது எல்சாட்டுக்கு உச்சவரம்பு.

முதல்முறை எழுதுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆர்க்யுமெண்டேட்டிவ் ரைட்டிங் என்ற கட்டுரையைத் தனியாக, வேறொரு நாளில், கணினியில் எழுத வேண்டும்: யோசிக்க 15 நிமிடம், எழுத 35 நிமிடம். அதை முடிக்காவிட்டால் எல்சாட் மதிப்பெண்ணே வெளிவராது. தேர்வு முடிந்த களிப்பில் அதை மறந்துவிட்டு, மதிப்பெண் வரும் நாளன்று காத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு.

பண வசதி குறைவு என்றால் எல்சாக்கின் கட்டண விலக்குக்கு விண்ணப்பியுங்கள். தேர்வுக்கே இருநூறு டாலருக்கு மேல், சிஏஎஸ்-க்குத் தனியாக, ஒவ்வொரு பள்ளிக்கும் அறிக்கை அனுப்பத் தனியாக என்று செலவு கூடும். விலக்கு கிடைக்கும் முன் கட்டிய பணம் திரும்ப வராது. ஆகவே தேர்வுக்குப் பதியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் குடும்ப நண்பர் பெரிய வக்கீல். அவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கினால் எடை கூடும்தானே?
– ஒரு தந்தை, சான் ஹோசே

எடை கூடாது. மகனின் எழுத்தைப் படித்துத் திருத்திய பேராசிரியர்கள் இருவர் தரும் கடிதமே கணக்கு. கேட்கும் காலம் ஏப்ரல், மே. செப்டம்பரில் கேட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ரெஸ்யூமே, அந்த வகுப்பில் எழுதிய கட்டுரை, கடைசித் தேதி மூன்றையும் சேர்த்துத் தர வேண்டும். "எனக்காக வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று கேட்கட்டும். பேராசிரியர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போகலாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று எல்சாக் படிவத்தில் கேட்பார்கள், விட்டுக்கொடுப்பதே வழக்கம்.

டார்மில் பத்தொன்பது வயதில் பீர் வைத்திருந்ததற்காகக் கல்லூரி எச்சரிக்கை கொடுத்தது. போலீஸ் வரை போகவில்லை. விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா? வீட்டுக்குத் தெரியாது.
– பெயர், ஊர் வேண்டாம்

விண்ணப்பத்தில் உள்ள கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். "உங்கள் மீது கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததுண்டா?" என்று இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். "குற்ற வழக்கில் தண்டனை உண்டா?" என்று மட்டும் இருந்தால் இது அதில் வராது. பள்ளிக்குப் பள்ளி கேள்வி மாறும். ஒன்றின் விடையை இன்னொன்றில் அப்படியே ஒட்டாதீர்கள். கல்லூரியின் ஒழுங்குப் பிரிவில் உங்கள் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் நினைத்திருப்பதும் அங்கே எழுதியிருப்பதும் வேறாக இருக்கக்கூடும்.

ஒரு பீர் எச்சரிக்கைக்காக இடம் மறுப்பது அரிது. மறைத்தால்தான் ஆபத்து. படிப்பு முடிந்து, வக்கீலாகத் தொழில் செய்யத் தேவையான பார் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, நடத்தையை ஆராயும் 'கேரக்டர் அண்ட் ஃபிட்னஸ்' விசாரணை வரும். அவர்கள் லா ஸ்கூல் விண்ணப்பத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பீர் பின்னுக்குப் போய், பொய் சொன்னது முன்னுக்கு வந்து நிற்கும். தேதி, நடந்தது, கிடைத்த எச்சரிக்கை, அதன் பிறகு எதுவும் இல்லை என்று நான்கு வரி எழுதி அட்வைசரிடம் காட்டுங்கள். இப்படிப்பட்ட குறிப்புகளை அவர்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். உங்களை வேறு கண்ணால் பார்க்க மாட்டார்கள். வீட்டில் சொல்வதா என்பது உங்கள் முடிவு.

மகள் எச்-4 விசாவில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு 21 ஆகிறது. குடியுரிமை இல்லாமல் இங்கே வக்கீலாக முடியுமா? கடன் கிடைக்குமா?
– ஒரு தாய், டல்லாஸ்

வக்கீலாக முடியும். குடிமகனாக இருந்தால்தான் பார் அனுமதி என்ற கனெக்டிகட் மாநில விதியை 1973-ல், கிரிஃபித்ஸ் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் கூட்டாட்சி அரசின் வழக்கறிஞர் பணிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே. அவள் மனதில் அந்த வேலைதான் இருக்கிறதென்றால் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 பிள்ளைகளுக்கு 21 வயதுவரைதான். அதற்கு முன் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஆகும் வேலை என்பதால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தை இந்த செமஸ்டரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ப்ரீ-லா அட்வைசரிடம் விசா ஆலோசனை கிடைக்காது. ஜே.டி. முடித்த பின், படித்த துறையில் வேலை பார்க்க எஃப்-1 மாணவர்களுக்குத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டங்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு சட்டத்துக்கு இல்லை. எச்-1பி வேலை விசாவுக்கு மனுப்போடத் தயாராக இருக்கும் அலுவலகங்கள் எவை என்பதை லா ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டும்.

எஃப்-1 மாணவர்களுக்குக் கூட்டாட்சிக் கடன் கிடையாது. தனியார் வங்கிகள் பெரும்பாலும் குடிமகனோ கிரீன்கார்டு உள்ளவரோ இணைக் கையொப்பம் போடக் கேட்கும். மற்றவர்களுக்கும் ஒரு சேதி: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்புக்கான கூட்டாட்சிக் கடனான கிராட் பிளஸ் இல்லை. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பெரிய நகரத்துத் தனியார் லா ஸ்கூல்கள் பலவற்றில் கட்டணம் மட்டுமே இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

ஆகவே பள்ளி தரும் மெரிட் உதவித்தொகைதான் உங்கள் மகளுக்கு முக்கியம். பல பள்ளிகள் விசா பார்க்காமல் தருகின்றன. கடிதம் வந்ததும் 'முதலாண்டில் 3.0 வைத்திருந்தால் தொடரும்' என்பதுபோல் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். லா ஸ்கூல் முதலாண்டு மதிப்பெண் வளைகோட்டில் போடப்படுவது. வகுப்புச் சராசரி 2.9 என்று பள்ளியே வைத்திருந்தால், ஏறக்குறைய பாதி வகுப்பு எவ்வளவு உழைத்தாலும் 3.0-ஐத் தொட முடியாது. நிபந்தனையோடு எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் குறைத்தார்கள் அல்லது நிறுத்தினார்கள் என்பது 509 அறிக்கையில் தனி அட்டவணையாக இருக்கும். அந்த அட்டவணையைப் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள். நிபந்தனையை நீக்கித் தர முடியுமா என்று அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு எழுதியும் கேட்கலாம். வேறு பள்ளியின் உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் அதன் நகலையும் இணைத்து அனுப்பட்டும்.